வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

வெர்னா லிண்டாஸ் இறந்தபோது எங்கள் கல்லூரிப் பத்திரிகை அவளைப் பற்றி நாலு வரி போட்டது. முப்பத்தொரு வருடம் பதிவாளர் அலுவலகத்தில் அர்ப்பணிப்போடு பணியாற்றினார், மாணவர்களை நேசித்தார், தோட்டக்கலையில் ஆர்வம் கொண்டவர் என்று எழுதியிருந்தார்கள். நாலிலும் உப்பில்லை. தோட்டக்கலையாம்! அவள் வீட்டுக்குப் பின்னால் நாலு தக்காளிச் செடி இருந்தது, அதையும் அவள் அண்ணன்தான் வைத்தான். ஒரு நவம்பர் மாதம் முழுக்க இந்த ஊர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் மைலோ பிராண்ட்வோல்ட். ஆஸ்ட்பி கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைக்கவசங்களுக்கும், தோள்கவசங்களுக்கும், நூற்றுப்பத்துப் பையன்களின் வியர்வைச் சட்டைகளுக்கும் இருபத்தாறு வருடம் பொறுப்பாக இருந்தேன். எழுத்தாளன் இல்லை. ஆனால் சலவை அறையில் நிற்பவன் காதுக்கு வராத சங்கதி எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

வெர்னா எனக்குப் பள்ளியில் ஒரு வகுப்பு மேலே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு மூன்று மைல் வெளியே, அப்பா விட்டுப்போன சோளப் பண்ணையில் அண்ணன் ஆர்டனோடு இருந்தாள். ஒல்லி, நெட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மதியம் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று கடியில் முடிப்பாள். நான் எண்ணியிருக்கிறேன். அவளைப் பார்த்தால் எண்ணத்தான் தோன்றும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்குள் கோச்சின் மேசைக்கு ஒரு பட்டியல் போகவேண்டும். சனிக்கிழமை ஆடப்போகிற ஒவ்வொருவனும் முழுநேர மாணவன்தான், குறைந்தது பன்னிரண்டு கிரெடிட் அளவுக்குப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான் என்று பதிவாளர் அலுவலகம் சொல்லும் பட்டியல் அது. கணினி ஒரு நொடியில் துப்பிவிடும். வெர்னா அதை நம்பமாட்டாள். காகிதத்தில் எடுத்து, அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சுவர்'. அவளுக்கும் அது தெரியும், உள்ளூரச் சந்தோஷம்கூட என்று நினைக்கிறேன்.

பட்டியலைவிடப் பெரிய சண்டை ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கும். எங்களை மாதிரிச் சின்னக் கல்லூரியில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஐம்பது பையன்களைக் கூட்டிவர வேண்டும் என்று கோச்சுக்கு மேலிடத்து உத்தரவு. விடுதி அறைகள் காலியாகக் கிடந்தால் கல்லூரி படுத்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே எங்கள் கோச் ரஸ் கெட்டில்சன் டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பனியில் கார் ஓட்டிக்கொண்டு, ஊர் ஊராக, அடுப்படி அடுப்படியாகப் போய் உட்காருவான். அந்த வீட்டு அம்மா எதை வைத்தாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். எழுந்திருக்கும்போது, 'உங்க பையன் பட்டம் வாங்காம வெளிய வரமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு' என்பான். ரஸ் பொய்யன் இல்லை. சொல்லும்போது அதை மனதார நம்புவான். ஐம்பதில் பாதிப் பேர் இரண்டாம் வருடம் இருக்கமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரே ஆளுக்குள் இரண்டும் குடியிருக்க முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

பையன் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவன் பள்ளி மதிப்பெண்களின் நகலைக் கோச் வெர்னாவிடம் கொண்டுவர வேண்டும். அவள் அதிலிருந்து உடற்பயிற்சி, எடைதூக்கல், கூட்டிசை, மரவேலை எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டி வகுப்பாள். நாலுக்கு இரண்டரை வந்தால் கோட்டுக்கு மேல். அதற்குக் கீழே வருடத்துக்கு ஐந்து பேரைத்தான் எடுக்கலாம். இந்தக் கச்சேரி பெரும்பாலும் என் சலவை அறைக்குப் பக்கத்துக் காப்பி மேசையில் நடக்கும்.

"அம்மா தாயே, அந்தச் சமையல் வகுப்பையாவது விட்டு வை. பையன் ரொட்டி பிரமாதமா சுடுவானாம்," என்பான் ரஸ்.

"அப்ப ரொட்டிக் கடைல சேத்துவிடு. இங்க இங்கிலீசு, கணக்கு, சயின்ஸ், வரலாறு. அவ்வளவுதான்."

"உனக்கு இதயமே கிடையாதா வெர்னா?"

"இருக்கு. அதுக்குக் கிரெடிட் இல்ல."

ஒருமுறை அவள் சிரிக்காமல் சொன்னாள். "உள்ள விடுறது சுலபம் ரஸ். ரெண்டாம் வருசம் பெட்டியத் தூக்கிட்டுப் போறவன் கடைசியா என் கவுண்ட்டர்லதான் வந்து நிப்பான். வெளியேறுற பாரத்துல நான்தான் கையெழுத்துப் போடணும். நீ அப்போ வேற எவன் வீட்டு அடுப்படியிலயோ உக்காந்து கேக் தின்னுட்டிருப்ப." ரஸ் அன்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

எஃப்ரைன் ஓலிவாரெஸின் நகலும் அப்படித்தான் வந்தது. மேற்கே நாலு மணி நேரத் தூரத்தில், இறைச்சி வெட்டும் ஆலையை நம்பிப் பிழைக்கும் ஊர். அம்மா அப்பா இரண்டு பேருக்கும் அந்த ஆலையில்தான் வேலை. வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவன். ஆட்டத்தில் நடுவில் குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, மறுநொடி எதிரே வரும் மலையை மார்பால் தாங்குகிற இடம் அவனுக்கு. ரஸ் அவனுக்காக நாக்கைத் தொங்கப்போட்டான். வெர்னா கூட்டியதில் 2.41 வந்தது.

"ஐஞ்சு பேர்ல ஒருத்தனா வச்சுக்கறேன்," என்றான் ரஸ்.

"இரு," என்றாள் வெர்னா. அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். முதல் வருட ஆங்கிலத்தில் அவன் தோற்றிருந்தான். மறுவருடம் அதையே படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். ஆனால் பள்ளிக்காரர்கள் பழைய தோல்வியை நீக்காமல் இரண்டையும் சேர்த்துக் கணக்கில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கு மூன்று தடவை ஃபோன் செய்து, நாலாம் தடவை சத்தம் போட்டு, திருத்திய தாளை வரவழைத்தாள். 2.56. யார் தயவும் இல்லாமல் அவன் கோட்டுக்கு மேலே வந்தான். ரஸ்ஸின் கையில் அந்தத் தாளைக் கொடுத்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவனுடைய மூன்றாம் வருடம், 2005. எங்கள் அணி தோற்கவே மறந்துபோன வருடம். லீக் கோப்பையை ஆஸ்ட்பி கடைசியாகத் தூக்கியது 1958இல். கோப்பை கிடைத்தால் கல்லூரி வரலாற்றில் முதல் முறையாகத் தேசியச் சுற்றுக்குப் போகலாம். முடிதிருத்தும் கடையில், தேவாலயத்து அடித்தளக் காப்பியில், விதைக் கடையில் வேறு பேச்சே இல்லை. ஆர்டன் லிண்டாஸ் நாற்பது வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவன். அவன் அறுவடை இயந்திரத்திலேயே அணிக்கொடியைக் கட்டியிருந்தான்.

அக்டோபர் பதினாலு, வெள்ளிக்கிழமை. எஃப்ரைனுக்கு அந்தப் பருவத்தில் பதினாலு கிரெடிட். அதில் மூன்று கிரெடிட் புள்ளியியல் பாடம் கழுத்தைப் பிடித்தது. பாடத்தை விட்டுவிட இரண்டு நாள்தான் பாக்கி. விட்டால் பதினொன்று ஆகிவிடும். ஆகவே ரஸ் சொல்லிக்கொடுத்தபடி, திங்கட்கிழமை தொடங்கும் அரைப்பருவ முதலுதவிப் பாடம் ஒன்றையும் சேர்த்து எடுத்தான். ஒரு கிரெடிட். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. இதெல்லாம் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு, வருடத்துக்குப் பத்துப் பேர் செய்வது. விடும் பாரம் ஒன்று, சேரும் பாரம் ஒன்று, இரண்டையும் ஒன்றாகத்தான் ஏற்க வேண்டும் என்பது வெர்னாவே வைத்த சட்டம்.

அன்று நாலரை மணிக்கு அவன் கவுண்ட்டரில் நின்றபோது அவள் மேசை ஃபோன் ஒலித்தது. ஆர்டன். மேற்கே மேகம் கட்டிவிட்டது, அறுபது ஏக்கர் சோளம் நிற்கிறது, தானிய லாரி ஓட்ட ஆள் இல்லை, உடனே வா என்று கத்தினான். அவன் கத்தியது கவுண்ட்டருக்கு வெளியே நின்ற பையனுக்கே கேட்டதாம். வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டே பாரங்களைப் பார்த்தாள். சேரும் பாரத்தில் முதலுதவி ஆசிரியரின் கையெழுத்து இல்லை. அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். விடும் பாரத்தில் தேதி முத்திரையைக் குத்தி எடுத்துக்கொண்டாள். மற்றதைத் திருப்பிக் கொடுத்து, "திங்கக்கிழமை கையெழுத்து வாங்கிட்டு வா, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை இருந்ததை, வாழ்நாளெல்லாம் சனிக்கிழமைகளுக்காகவே எண்ணிக்கொண்டிருந்த அந்த மனுஷி மறந்துவிட்டாள். எஃப்ரைன் பதினொரு கிரெடிட்டோடு அந்தச் சனிக்கிழமை ஆடினான். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளியில் ஜெயித்தோம். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகக் கையெழுத்தோடு வந்து நின்றான்.

மூன்று வாரம் கழிந்தது. தேசியச் சுற்றுக்காக லீக் அலுவலகம் பருவம் முழுமைக்குமான சான்று கேட்டது. நவம்பர் எட்டு, செவ்வாய். நான் தோள்கவசங்களுக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தேன். வெர்னா கையில் இரண்டு தாளோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மைலோ, இதப் பாரு."

"என்னத்தப் பாக்கணும்?"

"தேதிய."

"பதினாலு. பதினேழு. ரெண்டுலயும் முத்திரை இருக்கே, அப்புறம் என்ன?"

"நடுவுல பதினஞ்சு இருக்கு."

எனக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

நான் சொன்னதை மறைக்கப்போவதில்லை. "அந்த முத்திரைல சக்கரம் திரும்பும்தானே? மூணு பல்லு பின்னால திருப்பு. ரெண்டாவது தாள்ல மறுபடி குத்து. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "அதத்தான் நேத்து சாயங்காலத்துலேர்ந்து நானும் யோசிச்சிட்டிருக்கேன்," என்றாள். பிறகு, "ரஸ்ஸக் கூப்பிடு."

ரஸ் வந்து, தாள்களைப் பார்த்து, அழுக்குத் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தான். அவன் முத்திரையைப் பற்றிப் பேசவில்லை. அதை அவனுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

"எனக்கு அறுபத்திரெண்டு ஆகுது, வெர்னா."

"தெரியும்."

"இனிமே இப்படி ஒரு வருசம் எனக்கு வராது."

"அதுவும் தெரியும் ரஸ்."

"பையன் ஒண்ணும் ஏமாத்தலியே. நாம சொன்னதத்தான செஞ்சான்?"

"ஆமா. நான் சொன்னதச் செஞ்சான். அதனாலதான் சொல்றேன், லீக்குக்கு எழுதுறப்ப தப்பு என்னோடதுன்னு எழுதணும். அவன் தலைல ஒரு பொட்டுக்கூட விழக்கூடாது. அது ஒண்ணுதான் நான் உங்கிட்ட கேக்குறது."

எழுதினார்கள். 'அலுவலகப் பிழை' என்றே எழுதினார்கள். அந்த வெற்றி தோல்வியாக மாறியது, கோப்பை ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கல்லூரிக்குப் போனது. ஆனால் ஆடத் தகுதியில்லாதவன் யார் என்று லீக் தன் அறிவிப்பில் பெயர் போட்டாக வேண்டும், அது விதி. எங்கள் வாரப்பத்திரிகை 'பாடத்தை விட்ட வீரரால் பறிபோன கோப்பை' என்று தலைப்பிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோட்டுக்குக் கீழே இருக்கிறவனையெல்லாம் உள்ளே விட்டால் இப்படித்தான் என்றார்கள் விதைக் கடையில். பாவம், வெர்னா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவனைக் காப்பாற்றுகிறாள் என்றார்கள் தேவாலயத்தில். அவன் கோட்டுக்கு மேலே வந்தவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாணவனின் மதிப்பெண்ணை அவன் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். வெர்னா சட்டத்தை மீறமாட்டாள். 'தப்பு என்னோடது' என்பதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லச் சொல்ல ஊருக்கு அவள்மேல் கோபமும், அவன்மேல் சந்தேகமும் ஏறிக்கொண்டேபோனது.

கடைசி ஆட்டத்தில் அவனுக்கு ஆடத் தடையில்லை. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எஃப்ரைன் ஓலிவாரெஸ் என்றபோது எதுவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கூச்சல் போடமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். கூச்சல் போட்டிருந்தால்கூடத் தேவலை. வெர்னா நாற்பது வருடமாக உட்காரும் அதே பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலி. ஆர்டன் மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன எஃப்ரைன் திரும்பவில்லை. பருவத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. எழுதாவிட்டால் எல்லாப் பாடமும் தோல்வி, மூன்று வருடப் படிப்பு மண். ரஸ் ஃபோன் செய்தான். தங்கச்சி எடுத்தாளாம். அண்ணன் ஆலையில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான், அம்மா அவனோடு பேசுவதே இல்லை, பத்திரிகையை யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள் என்றாளாம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெர்னா என் வீட்டு வாசலில் நின்றாள். "உன் கார் பனில நல்லா ஓடும். வர்றியா?"

அத்தனை வருட வேலையில் அவள் ஒரு மாணவன் வீட்டுக்கும் போனதில்லை. அது கோச்சுகளின் வேலை. நாலு மணி நேரமும் மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்தபடி வந்தாள். நானும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரமாகவே நான் அவளோடு அதிகம் பேசவில்லை. கோப்பை போன வருத்தம் எனக்கும் இருந்தது. அவளைப் பார்த்தால் என் முத்திரை யோசனை நினைவுக்கு வந்தது என்பதும் ஒரு காரணம்.

கதவைத் திறந்தது எஃப்ரைன். அவ்வளவு பெரிய உருவம் எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒதுங்கிக்கொண்டது. "மிஸ் வெர்னா? இங்க எதுக்கு..." என்று இழுத்தான். அவன் அம்மா யூலாலியா அடுப்பில் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். குள்ளமான பெண், பதினைந்து வருடம் கத்தி பிடித்து வீங்கிப்போன விரல் மூட்டுகள். அப்பா ஆலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மகன் மொழிபெயர்க்க முடியாது, அவனோடுதான் பேச்சில்லையே. ஆகவே பன்னிரண்டு வயதுத் தங்கச்சி இட்செல் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடது. உங்க பையனோடது இல்ல," என்றாள் வெர்னா.

இட்செல் சொன்னாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நீளமாகப் பதில் சொன்னாள்.

"காலேஜ்காரங்க தப்பு பண்ண மாட்டாங்களாம். ஆலைல என்ன நடந்தாலும் கடைசில தப்பு யாரோடதுன்னு அம்மாவுக்குத் தெரியுமாம். எப்பவும் கீழ நிக்கிறவங்களோடதுதானாம். நீங்க நல்ல மனுசியாம், இவனக் காப்பாத்த இவ்ளோ தூரம் வந்தீங்களாம், நன்றியாம். காப்பி குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

வெர்னா ஃபைலைத் திறந்து இரண்டு பாரங்களையும் மேசைமேல் வைத்தாள். முத்திரைகளைக் காட்டி, அவன் வெள்ளிக்கிழமையே இரண்டையும் கொண்டுவந்ததை, தான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததை, வரிக்கு வரி சொன்னாள். யூலாலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"சரி, அந்தப் பாடத்த ஏன் விட்டான்? படிக்காமத்தான? மத்ததுலயும் அப்படித்தானான்னு கேக்குறாங்க," என்றாள் இட்செல்.

வெர்னா ஃபைலிலிருந்து இன்னொரு பாரத்தை எடுத்தாள். சம்மதப் பாரம்! நாலு மணி நேரம் பனியில் வந்திருக்கிறோம், அப்போதும் பாரம். "எஃப்ரைன், உன் மார்க்க உங்க அம்மாகிட்ட நான் சொல்லலாமா? சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடு."

அவன் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டான்.

"புள்ளியியல் வரல. அது உண்மை. மத்த நாலு பாடத்துல மூணுல பி-க்கு மேல. ஒண்ணுல ஏ. இவன் எங்க காலேஜுக்குள்ள வந்தப்போ யாரும் இவனத் தூக்கிவிடல. கோட்டுக்கு மேலதான் வந்தான். நான் என் கையால கூட்டினேன்," என்றாள் வெர்னா. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது அது.

யூலாலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக வெர்னாவை நேராகப் பார்த்து, மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் அவசரப்பட்டீங்கன்னு கேக்குறாங்க."

"என் அண்ணன் ஃபோன் பண்ணினான். மழை வருது, சோளம் வயல்ல நிக்குது, லாரி ஓட்ட வான்னு. போனேன்."

"உங்க அண்ணன் இப்ப என்ன சொல்றாராம்?"

"அவனுக்குத் தெரியாது. அவனாலன்னு நான் சொல்லல. அவன் எங்கிட்ட பேசுறதில்ல. இன்னையோட இருபத்தஞ்சு நாள். ஒரே மேசைலதான் சாப்பிடுறோம்."

இட்செல் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் எஃப்ரைன் எங்கள் காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தான், தேர்வு எழுதினான். அதற்குப் பிறகு ஃபுட்பால் ஆடவில்லை. ரஸ் கெஞ்சியும் மாட்டேன் என்றுவிட்டான். ஒரு பருவம் தாமதமாகப் பட்டம் வாங்கினான். ஆர்டன் ஏப்ரல் மாதம் விதைக்கும் இயந்திரத்தில் சங்கிலி சிக்கியபோது, 'இதப் பிடி' என்றானாம். அவ்வளவுதான் சமாதானம். எந்த ஃபோனால் வந்தது எல்லாம் என்று அவன் சாகும்வரை வெர்னா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த அடுப்படியில், இட்செல் சொல்லி முடித்ததும், யூலாலியா எழுந்தாள். தட்டு எடுத்து, அவரைக்கொட்டையும் சோறும் வைத்து, மேலே இரண்டு ரொட்டி போட்டாள். இட்செலைத் தாண்டி நடந்துபோய், அதை மகன் முன்னால் வைத்தாள். அவன் பிடரியில் கையை வைத்தாள்.

"உக்காரு ராசா. ஆறிப்போகுது, சாப்பிடு," என்றாள்.

அவள் மொழி எனக்குத் தெரியாது. இட்செல் எங்களுக்கு மொழிபெயர்க்கவும் இல்லை, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த அம்மா அதைத்தான் சொன்னாள். பத்து நாளில் மகனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அந்த மலைபோன்ற பையன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதுகொண்டே சாப்பிட்டான். கோப்பைக்காகவா நான் இவ்வளவு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்புறம் எங்களுக்கும் தட்டு வந்தது. நான் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். வெர்னா பாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். யூலாலியா அவள் கையிலிருந்து அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தி, மகனிடம் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் சொன்னாள்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து சாப்பிட்டாள். எத்தனை கடி என்று அவள் எண்ணவில்லை. அந்த இருபத்தைந்து நாளில் அவளைச் சாப்பிடச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். நானும் சொல்லியிருக்கவில்லை.